வடலூரில் கேட்ட சாட்சி

வடலூருக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டிய அவசியமில்லை. நாம் எங்கே போனாலும் அது குறுக்கே வந்து நிற்கும். பண்ருட்டியிலிருந்து கும்பகோணம் போகிற சாலையும், கடலூரிலிருந்து விருத்தாசலம் போகிற சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கிற இடத்தில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. போதாக்குறைக்கு ஒரு ரயில் ஸ்டேஷன் வேறு. நாலு திசையிலிருந்தும் பஸ்கள் ஊதிக்கொண்டே வருகின்றன. பொட்டலம் கட்டிய முந்திரிப் பருப்பும், பருவத்தில் பலாச்சுளையும் ஜன்னல் வழியாகவே உள்ளே வந்துவிடுகின்றன. மேற்கே சுமார் பத்து கிலோ மீட்டரில் நெய்வேலி. காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால், கொடியில் உலர்த்திய வெள்ளைப் புடவையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்று இந்த ஊர்ப் பெண்மணிகள் சொல்கிறார்கள்.

நானும் என் நாத்தனாரும் போய் இறங்கியது ஒரு சனிக்கிழமை காலை. நேரே தருமச்சாலைக்குப் போனோம். 1867-ம் வருஷம் மே மாதம் 23-ந் தேதி ராமலிங்க அடிகளார் மூட்டிய அடுப்பு அங்கே இன்னமும் எரிந்துகொண்டிருக்கிறது. பக்கத்துப் பார்வதிபுரத்து ஜனங்கள் எண்பது காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள்; அதில் சாலை எழுந்தது. பசி என்று வருகிறவரிடம் ஜாதி என்ன, மதம் என்ன என்று கேட்பதில்லை. இலையைப் போடுகிறார்கள். நம் வீட்டில் காஸ் சிலிண்டர் தீர்ந்து, அடுத்தது வர அரை நாள் தாமதமானாலே வீடு அல்லோலகல்லோலப்படுகிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக ஓர் அடுப்பை அணையவிடாமல் காப்பது என்றால் எத்தனை தலைமுறை விறகு தூக்கியிருக்க வேண்டும்! அந்த அடுப்பின் நீளத்துக்கு எங்கள் சமையலறை போதாது. ஒரு பக்கம் பத்துப் பன்னிரண்டு ஸ்திரீகள் வட்டமாக உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் நெற்றியில் ஒன்றும் இட்டுக்கொள்ளாத, நரைத்த கொண்டை போட்ட ஓர் அம்மாளை மாத்திரம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

சத்திய ஞான சபை சற்றுத் தள்ளி, பரந்த வெளியின் நடுவே எட்டுக் கோணமாக நிற்கிறது. 1872-ம் வருஷம் ஜனவரி 25-ந் தேதி, தைப்பூசத்தன்று, இங்கே முதல் ஜோதி தரிசனம் நடந்தது. ஏழு திரைகள், ஒவ்வொன்றாக நீக்கினால் ஜோதி. புலையும் கொலையும் தவிர்த்தவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்று வாசலில் எழுதியிருக்கிறது. அதைப் படித்ததும் என் நாத்தனார், "நேற்று ராத்திரி சாப்பிட்ட முட்டை தோசை கணக்கில் சேருமோ?" என்று என் காதில் கேட்டாள். வெளியிலேயே நின்று கும்பிட்டோம்.

அங்கிருந்து மேட்டுக்குப்பம் போனோம். அடிகளார் கடைசிக் காலத்தில் வாழ்ந்த சித்தி வளாகம் இங்கேதான் இருக்கிறது. 1874-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு அவரை யாரும் காணவில்லை. அதற்கு மூன்று மாதம் முன்னால், 1873 அக்டோபர் 22-ல், இங்கே சன்மார்க்கக் கொடியை ஏற்றி நீண்ட பிரசங்கம் ஒன்று செய்தார். பேருபதேசம் என்று அதற்குப் பெயர். அந்தப் பிரசங்கத்தில் என் மனசைத் தொடுவது தத்துவம் அல்ல. தமக்கும் முன்பு சைவ சமயத்தில் அளவு கடந்த பற்று இருந்தது என்றும், அதைப் பின்னால் விட்டுவிட்டேன் என்றும் அவர் கூட்டத்தின் நடுவே ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பற்றுக்குச் சாட்சியாகத் தாம் பாடிய பழைய பாடல்களையே காட்டினார். ஐம்பது வயதில், பெயரும் புகழும் வந்த பிறகு, "நான் முன்னே இப்படி இருந்தேன், இப்போது இப்படி இருக்கிறேன்" என்று சீடர்கள் முன்னிலையில் சொல்வது லேசான காரியமா?

சாட்சி என்ற இந்த வார்த்தையை மறுபடியும் கேட்டது அன்று சாயங்காலம், முற்றிலும் வேறு வாயிலிருந்து.

நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் அநேகர் வடலூரில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வேலை இருக்கும் வரைக்கும்தான் குவார்ட்டர்ஸ். அப்புறம் சொந்த ஊருக்குப் போக வேண்டும். முப்பது, நாற்பது வருஷம் இங்கேயே வாழ்ந்தவர்களுக்குச் சொந்த ஊர் எது? 1957-ம் வருஷம் மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் துவக்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ல் மின்சாரம் பிறந்தது. இதற்காகத் தங்கள் ஊரையும் வயலையும் விட்டுப் போனவர்களின் கதை தனிக் கதை. அதற்கு இன்னொரு கட்டுரை வேண்டும். வேலை தேடி வந்தவர்களோ திருநெல்வேலி, மலையாளம், ஆந்திரா என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள். அப்படிப் பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து 1974-ல் மணப்பெண்ணாக வந்தவர்தான், நாங்கள் தங்கப் போன வீட்டு அம்மாள். என் நாத்தனாரின் சிநேகிதிக்கு அத்தை. ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தெரு முழுவதும் அவருக்குப் பெயர் 'சிஸ்டரம்மா'.

கேட்டைத் திறந்து வரவேற்றவரைப் பார்த்ததும் திகைத்தேன். காலையில் தருமச்சாலையில் பூசணிக்காய் நறுக்கிய நரைத்த கொண்டை!

"வாங்கம்மா, வாங்க. சாலையில பார்த்தேனே ரெண்டு பேரையும்! நம்ம வீட்டுக்கு வாரவங்கன்னு தெரியாமப் போச்சே. எதிர் வீட்டம்மா கூட்டிட்டுப் போவாங்க. மாசத்துல ரெண்டு நாள் போவேன். பசிக்கிறவனுக்குச் சோறு போடச் சொல்லி எங்க வேதத்துலயுந்தான் எழுதியிருக்கு. காய் நறுக்குறதுக்கு என்ன?" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் வீட்டுக் கூடத்தில் மாலையில் ஜெபக் கூட்டம். முக்காடு போட்ட பெண்கள் இருபது பேர் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு முடிந்ததும், "யாராவது சாட்சி சொல்லுங்க" என்றார் சிஸ்டரம்மா. கிறிஸ்தவ வீடுகளில் பழகாத வாசகிகளுக்கு இந்த வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பிரசங்கம் செய்வது படித்துத் தேறியவர்களின் வேலை. சாட்சி சொல்வதற்குப் படிப்பு வேண்டாம். கடவுள் என் வாழ்க்கையில் எனக்கு இன்னது செய்தார் என்று ஒருவர் எழுந்து நின்று நாலு பேர் முன்னிலையில் சொல்வதுதான் அது. பாத்திரம் தேய்த்துப் பிழைக்கிற பெண்ணும் சொல்லலாம். கோர்ட்டில் பாருங்கள், வக்கீல் என்னென்னவோ சட்டம் பேசுவார், சாட்சி சொல்ல வந்தவனிடம் கேட்பது ஒன்றே ஒன்று: "நீ கண்ணால் பார்த்தது என்ன?"

எல்லாச் சாட்சியும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். தலைவலி தீர்ந்ததையும் பையனுக்கு காலேஜில் இடம் கிடைத்ததையும் அரைமணி நேரம் சொன்ன ஓர் அம்மாளும் அன்று உண்டு. சிஸ்டரம்மாளே பிற்பாடு சிரித்துக்கொண்டு சொன்னார்: "சில சமயம் போட்டி ஆயிரும்மா. இவளுக்கு ஒரு ஆப்பரேஷன்னா அவளுக்கு ரெண்டு ஆப்பரேஷன்!"

கூட்டம் கலைந்த பிறகு, "உங்கள் சாட்சி என்ன?" என்று என் நாத்தனார் பட்டென்று கேட்டுவிட்டாள். அவள் அப்படித்தான். சிஸ்டரம்மா காப்பி டம்ளர்களை அடுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சொல்லுதேன். நாங்க நாலு தலைமுறையா வேதக்காரங்க. கோயில், பள்ளிக்கூடம், கிறிஸ்மஸ், அசன விருந்து எல்லாம் உண்டு. அது பாட்டுக்கு இருந்துச்சு, வீட்டு ஓடு மாதிரி. 1978-ல என் மூத்த மக, மூணு வயசு, காய்ச்சல்ல போயிட்டா. நான் நர்ஸு. எத்தனை பிள்ளைக கண்ணை மூடி விட்டிருக்கேன். என் பிள்ளைக்கு என்னால முடியலை. அதோட கோயிலுக்குப் போறதை நிறுத்திட்டேன். ஐயர் வீட்டுக்கு வந்தாரு, ஆறுதல் சொன்னாரு. எல்லாம் சரியாத்தான் சொன்னாரு. என் காதுலதான் விழலை.

"ஒரு நாள் ராத்திரி டூட்டி. பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்துக் கிழவி ஒருத்தி வார்டுல கிடந்தா. காலனிக்காரி. கூலி வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. நான் ஊசி போட வந்தப்ப என் மூஞ்சியைப் பார்த்துட்டு, 'பிள்ளையைக் குடுத்துட்டியா தாயி?'ன்னு கேட்டா. யாரும் சொல்லலை அவளுக்கு. 'எனக்கு ரெண்டு. ஒரே வாரத்துல, வாந்திபேதியில. அதுக்கப்புறம் ஒரு வருசம் ஆண்டவரைத் திட்டினேன். களை எடுக்கிறப்ப திட்டுவேன், நாத்து நடுறப்ப திட்டுவேன். ஒரு நா குனிஞ்சு நடவு நட்டுக்கிட்டே இருக்கறப்ப தோணுச்சு: இல்லாத ஆளை யாராச்சும் இப்படித் திட்டுவாங்களா? இருக்கவேதானே திட்டுறேன்! அங்கேயே சேத்துல நின்னு அழுதேன். அன்னைலேருந்து அவரு எங்கூட இருக்காரு'ன்னா. அவ்வளவுதான். நீ ஜெபம் பண்ணு, கோயிலுக்குப் போன்னு ஒரு வார்த்தை சொல்லலை. திரும்பிப் படுத்துத் தூங்கிட்டா."

சிஸ்டரம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "எங்க தாத்தா காலத்துல அவளை மாதிரி ஆளுக்கு எங்க வீட்டு முத்தத்துல நிக்க வச்சு, கையில தண்ணி ஊத்துவாங்க. நாங்களும் வேதக்காரங்க, அவளும் வேதக்காரி. அவ வாயாலதான் எனக்கு வரணும்னு இருந்திருக்கு, பாருங்க."

அந்தக் கிழவியின் பாட்டனார், பட்டாம்பாக்கத்தில் ஒரு வெள்ளைக்கார ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவராம். அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்றோம். "திங்கட்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சிஸ்டரம்மா டிபன் டப்பாவோடு கிளம்பிவிட்டார்.

மேல்பட்டாம்பாக்கம், பண்ருட்டியிலிருந்து கடலூர் போகும் வழியில், நெல்லிக்குப்பத்துக்கு முன்னால் வருகிறது. இங்கே 1860-களில் கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் வந்து குடியேறினார். இடத்துக்குப் 'பெத்தானியா' என்று பெயர் வைத்தார். அதற்கு முன் அவர் லைப்சிக் மிஷனைச் சேர்ந்தவர். கோயிலுக்குள் ஜாதி பார்ப்பதை எந்த அளவுக்குப் பொறுத்துக்கொள்வது என்ற தகராறில் அந்த மிஷனை விட்டுப் பிரிந்தவர். பொறுக்கவே கூடாது என்பது அவர் கட்சி. டென்மார்க் தேசத்து மிஷன் அவருக்குக் கை கொடுத்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று கடலூரைத் தலைமை இடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை. ஊரில் பெரிய காட்சி என்று ஒன்றும் கிடையாது. கரும்பு வயல், கெடிலம் ஆறு, ஆற்றில் தண்ணீர் மாத்திரம் இல்லை. சிஸ்டரம்மா கோயில் வாசற்படியில் சற்று உட்கார்ந்துவிட்டு, "வாங்க போவோம்" என்று எழுந்தார்.

கடலூர் போய்ச் சேரும்போது உச்சி வெயில். தேவனாம்பட்டினத்தில் செயிண்ட் டேவிட் கோட்டையின் மிச்சத்தைப் பார்த்தோம். 1690-ல் ஆங்கிலேயர்கள் இந்தக் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் நிலம் அவர்களுக்கு என்று பேரம். மனை வாங்கும் வாசகிகள் இந்த அளவு முறையைத் தங்கள் கணவன்மார்களுக்குச் சொல்லாமலிருப்பது நல்லது! கடலூரில் இன்னும் 'குண்டு சாலை' என்று ஒரு சாலை இருக்கிறது.

ஆனால் நாங்கள் கடலூருக்கு வந்தது கோட்டைக்காக அல்ல. முந்நூறு வருஷங்களுக்கு முன் இந்த ஊரில் ஆறுமுகம் என்று ஒரு பிள்ளை இருந்தான். சைவ வேளாளர் குடும்பம். 1706-ம் வருஷம் ஜூலை 9-ந் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு ஐயர், 1717-ல் கடலூரில் ஒரு தருமப் பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார். அங்கே சவரிமுத்து என்ற தமிழ் உபாத்தியாயரின் பழக்கம் ஆறுமுகத்துக்கு ஏற்பட்டது. வெள்ளைக்காரர் பிரசங்கம் அல்ல, உள்ளூர் வாத்தியார் ஒருவரின் பேச்சு. 1718-ல் தரங்கம்பாடி போய் சீகன்பால்கிடம் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். 1733-ம் வருஷம் டிசம்பர் 28-ந் தேதி குருப்பட்டம். புராட்டஸ்டண்டுத் திருச்சபையில் இந்தியர்களில் முதல் குரு அவர்தான். 1745-ல் காலமானார்.

இந்தக் கதையை இத்தோடு முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் பக்கத்திலேயே இன்னொரு பெயர் நின்றுகொண்டிருக்கிறதே! ராஜநாயக்கன். தஞ்சாவூர் ராஜாவின் பட்டாளத்தில் சேர்வைக்காரர். தாழ்த்தப்பட்ட வகுப்பில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதப் புஸ்தகம் அவர் கையில் கிடைத்தது. படித்தார், தாம் படித்ததைக் கூட இருந்த சிப்பாய்களுக்கும் சொன்னார். பட்டாளத்தை விட்டு உபதேசியாராகித் தஞ்சைச் சீமைக் கிராமங்களில் நடந்தார். அவர் பேச்சைக் கேட்டு வந்தவர்கள் அநேகம். 1733-ல் யாருக்குக் குருப்பட்டம் கொடுப்பது என்ற யோசனை வந்தபோது ராஜநாயக்கன் பெயரும் அடிபட்டது. ஆனால் அவர் கையிலிருந்து மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று பாதிரிமார்கள் பயந்தார்கள். பட்டம் ஆரோனுக்குப் போயிற்று. இதில் ஆரோன் மேல் குறை ஒன்றுமில்லை. ராஜநாயக்கனோ பட்டமில்லாமலே 1771-ல் சாகும் வரை உபதேசியாராக ஊழியம் செய்தார். அவர் சாட்சி வேண்டியிருந்தது. அவர் கை வேண்டியிருக்கவில்லை. கடற்கரை மணலில் உட்கார்ந்து இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, வார்டில் கிடந்த கிழவியை நான் நினைத்துக்கொண்டேன். சிஸ்டரம்மாளும் நினைத்திருக்க வேண்டும். டிபன் டப்பாவைத் திறந்தவர் வெகு நேரம் சாப்பிடவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவருக்குத் திருநெல்வேலிப் பெருமை கிளம்பிவிட்டது. "எங்க பாளையங்கோட்டையில ஆம்பளை ஆரம்பிக்கலைம்மா. ஒரு பொம்பளை ஆரம்பிச்சா" என்றார். நிஜந்தான். தஞ்சாவூர் மராட்டிய பிராமண விதவை ஒருத்தி, ஆங்கிலப் பட்டாள அதிகாரி ஒருவரோடு பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தாள். சிதையிலிருந்து அவளை அவர் காப்பாற்றினார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். கல்யாணமாகாமல் சேர்ந்து வாழ்கிறாள் என்பதற்காக சுவார்ட்ஸ் ஐயர் முதலில் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அதிகாரி இறந்த பிறகு, 1778-ல் கொடுத்தார். குளோரிந்தா என்று பெயர் பெற்றாள். அதற்குள் அவள் தன் வீட்டிலேயே நாலு பேரைச் சேர்த்துத் தனக்குத் தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்! 1780-ல் எழுதிய சபைப் பதிவேட்டில் நாற்பது பேர். முதல் பெயர் அவளுடையது. அவள் கட்டி, 1785-ல் சுவார்ட்ஸ் பிரதிஷ்டை செய்த சின்னக் கோயிலை இன்றும் ஜனங்கள் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்றுதான் சொல்கிறார்கள். ஊரார் வாயில் விதவை என்றும் வைப்பாட்டி என்றும் அடிபட்ட ஒரு பெண்ணின் பேச்சை அந்தக் காலத்தில் யார் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கேட்டிருக்கிறார்கள். அதே சீமையில் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1858-ல் ஞானஸ்நானம் பெற்றவர். 'இரட்சணிய யாத்திரிகம்' பாடிய கவி. தாம் கிறிஸ்தவரான வரலாற்றை அவரும் தம் கைப்பட எழுதி வைத்தார்.

இதற்கு நேர் மாறு வீரமாமுனிவர். விருத்தாசலம் பக்கத்தில் கோணான்குப்பத்தில் அவர் கட்டிய பெரியநாயகி மாதா கோயில் இருக்கிறது. மாதா புடவை கட்டிக்கொண்டு நிற்கிறாள். சூசையப்பரைப் பற்றி 3615 பாட்டுத் 'தேம்பாவணி' பாடியவர், அதில் தம் சொந்தக் கதை ஒரு வரி சொன்னாரில்லை. புலவர்கள் சுபாவம் அப்படி. நேரமின்மையால் அந்த ஊருக்கு நாங்கள் போகவில்லை.

"இப்படியெல்லாம் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போக நம் சட்டம் இடம் கொடுக்கிறதா?" என்று என் நாத்தனாருக்குச் சந்தேகம். கொடுக்கிறது. மதத்தைக் கைக்கொள்ளவும் பரப்பவும் உள்ள உரிமையை அரசியல் சட்டத்தின் 25-வது ஷரத்து சொல்கிறது. 'பரப்ப' என்ற வார்த்தை வேண்டுமா வேண்டாமா என்று 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பெரிய வாதம். அப்போது டி. டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து, தாம் பதினான்கு வருஷம் கிறிஸ்தவக் கல்விச்சாலைகளில் படித்ததாகவும், தம்மை மதம் மாற்ற யாரும் முயன்றதில்லை என்றும் சொன்னார். அதுவும் ஒரு சாட்சிதான்! வார்த்தை நிலைத்தது. 1977-ல் சுப்ரீம் கோர்ட்டு, தன் மதக் கொள்கையை எடுத்துச் சொல்ல உரிமை உண்டு, இன்னொருவரை மதம் மாற்ற உரிமை என்று தனியாக ஒன்றும் கிடையாது என்று கோடு கிழித்தது. அந்தக் கோடு சரிதானா என்று இன்றும் வாதாடுகிறார்கள். தமிழ்நாட்டிலேயே 2002-ல் கட்டாய மத மாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. நீதிபதிகள் கோடு கிழிப்பது காகிதத்தில். தெருவில், கேட்டுக்கும் கேட்டுக்கும் நடுவே, அந்தக் கோட்டை யார் கிழிப்பது?

பஸ் வடலூர் முக்கில் திரும்பும்போது சிஸ்டரம்மா சொன்னார்: "நான் எப்படிக் காரியத்தைக் கெடுத்தேன்னு எதிர் வீட்டம்மாட்ட கேளுங்க. அவங்க சொன்னாத்தான் நல்லாயிருக்கும்."

எதிர் வீட்டு அம்மாள் பரம்பரை சன்மார்க்கி. வீட்டில் வெங்காயம் உண்டு. முட்டை, மாமிசம் கிடையாது. மாடத்தில் அகல் விளக்கு எரிகிறது. எங்களைக் கண்டதும் மோர் கொண்டுவந்து வைத்தார். கேட்டதும் சிரித்தார்.

"எங்க வீட்டுக்காரர் பக்கவாதத்துல படுத்திருந்தாரு. ஊசி போட, படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்ட, எல்லாத்துக்கும் சிஸ்டரம்மாதான். கைராசிக்காரங்க. ஒரு நாள் கையில ஒரு புத்தகத்தோட வந்தாங்க. எங்க ஐயா பாடின ஜோதி வேற, இவங்க சாமி வேற, இவங்க சாமிதான் நெசம்னு ஆரம்பிச்சாங்க. நான் எழுந்து போய்க் கேட்டைத் தொறந்து விட்டேன். 'போயிட்டு வாங்க'ன்னேன். எட்டு மாசம் பேசலை. மருந்து கட்ட வேற ஆள் வச்சேன். அவருக்கு வலிதான் அதிகம். சிஸ்டரம்மா கை வராதே!"

"அப்புறம்?"

"அவரு போயிட்டாரு. பதினாறு முடிஞ்ச மறுநாள், வீடெல்லாம் காலி. சாயங்காலம் கேட்டுக்கிட்ட நின்னுட்டிருந்தேன். இவங்களும் அந்தப் பக்கம் நிக்கிறாங்க. வர பயம். நானே கூப்பிட்டேன். தெருக்கோடியில இருக்கிறவங்க அன்னைக்குத்தான் எனக்கு ஒரு சங்கதி சொல்லியிருந்தாங்க. 'ஏன் சிஸ்டரம்மா, அன்னைக்கு வந்து எங்க சாமியைப் பத்தி அவ்வளவு சொன்னீங்களே, உங்க பொண்ணைப் பத்தி எனக்குச் சொல்லவே இல்லையே? இருபது வருசமா எதிர் எதிர் வீட்டுல இருக்கோம். அதைச் சொல்லக் கூடாதா?'ன்னு கேட்டேன். அப்படியே படியில உட்கார்ந்துட்டாங்க. அன்னைக்குத்தான் சொன்னாங்க. அந்தக் கிழவி திட்டினதையும் சொன்னாங்க. விளக்கு வைக்கிற நேரம் தாண்டியும் ரெண்டு பேரும் எந்திரிக்கலை."

"கேட்டுவிட்டு நீங்கள் என்ன சொன்னீர்கள்?" இது நான்.

"நான் என்னத்தைச் சொல்ல? என் சங்கதியைச் சொன்னேன். கல்யாணமாகி எட்டு வருசம் பிள்ளையில்லாம, சாலையில வந்து இலை எடுத்துப் போட்டுக்கிட்டிருந்தப்ப எனக்கு ஐயா எப்படி ஆறுதலா இருந்தாருன்னு சொன்னேன். அவங்களும் கேட்டுக்கிட்டாங்க. குறுக்கே ஒரு வார்த்தை பேசலை."

என் நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "அப்படியானால் நீங்கள் அவர்கள் கூட்டத்துக்குப் போகவில்லையா? அவர்களும் இந்தப் பக்கம் வந்துவிடவில்லையா?"

அந்த அம்மாள் சிஸ்டரம்மாளைப் பார்த்தார். சிஸ்டரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கேளுங்க. நானும் அதைத்தான் ஜெபத்துல கேட்டுக்கிட்டிருக்கேன்! ஆசை இல்லைன்னு சொன்னா அது பொய். ஆனா கேட்டைத் தொறந்து விடுற கை அவங்க கைதானே" என்றார்.

"எனக்கும் அந்த ஆசைதான். இவங்க மீன் குழம்பை விட்டா சபைக்குள்ள கூட்டிட்டுப் போயிருவேன். விட மாட்டேங்கறாங்களே!" என்றார் அந்த அம்மாள்.

டிசம்பர் மாதத்தில் சிஸ்டரம்மா இரண்டு கேக் செய்கிறாராம். ஒன்று வழக்கமான கேக். இன்னொன்று தயிரும் வாழைப்பழமும் போட்டு, முட்டையில்லாமல், எதிர் வீட்டுக்கு. தைப்பூசத்தன்று லக்ஷக்கணக்கில் ஜனங்கள் வந்து குவியும்போது, இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே தண்ணீர்ப் பந்தல். கிளம்பும்போது அந்த அம்மாள் எங்களைப் பூசத்துக்கு வரச் சொன்னார். லாட்ஜில் இடம் கிடைக்காது, தலையணை மட்டும் கொண்டு வாருங்கள், ராத்திரி என் வீட்டு மொட்டை மாடி நிரம்பிவிட்டால் சிஸ்டரம்மா மாடி இருக்கிறது, அங்கே கொசு கொஞ்சம் குறைவு என்றார்.